புளி போட்டுத் தேய்த்த கொக்கி

மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல், படிக்கிறேன் என்று சொன்னால் கிள்ளானில் எங்கள் சொந்தக்காரர்கள், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு வெல்டிங் வேலை என்பார்கள். கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் படிப்பது வெல்டிங் இல்லை என்று விளக்கி அலுத்துப்போய், ஆமாம், வெல்டிங்தான் என்று சொல்லிவிடுவேன். உண்மையான காரணம் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

காரணம் அப்பா. பந்திங் பக்கம் ஒரு லோரிப் பட்டறையில் வேலை செய்தார். எஞ்சினைச் சங்கிலியில் தூக்கும்போது கொக்கி உடைந்து, எஞ்சின் அவர் மேல் விழுந்தது. கொக்கி தாங்காத எடையை அவராகத் தூக்கினார், தப்பு அவருடையதுதான் என்று முதலாளி சொன்னார். சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். செத்தவர் எழுந்து வந்தா பதில் சொல்லப்போகிறார்? பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர், உடைந்த கொக்கியின் பாதியைப் பேப்பரில் சுற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரும்பு ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு படிப்பு இருப்பது தெரிந்த அன்றே, அதுதான் எனக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம் ஆண்டில் அந்தப் பாடம் வந்தது. விரிவுரையாளர் உடைந்த அச்சு ஒன்றை மேசையில் வைத்துக் காட்டினார். பல நாளாக விரிசல் விட்டு உடைந்த இரும்பில், வற்றும் கடல் சேற்றில் விட்டுப்போகும் தடம் மாதிரி வரி வரியாகக் கோடு இருக்கும். ஒரே இழுப்பில் உடைந்ததில் இருக்காது. கோடு இருந்தால் கொக்கி ஏற்கெனவே பழுது, அப்பா மேல் பழி இல்லை. ஆனால் இரும்பு உடைந்த பரப்பைத் தொடாதே, கழுவாதே, தேய்க்காதே என்றும் அவர் சொன்னார்.

எங்கள் வீட்டில் அந்தக் கொக்கி சாமி மேடையில், அப்பா படத்துக்குக் கீழே இருந்தது. வந்த அன்றே அதில் காய்ந்திருந்த ரத்தத்தை அம்மா கழுவிவிட்டார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, பொட்டு வைப்பார். துரு ஏற விடமாட்டார். அப்பாவுக்கு அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இருந்தாலும் நப்பாசை யாரை விட்டது? நான் கேட்டதும் அம்மா கொக்கியைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். கொமுட்டர் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். நுண்ணோக்கியில் பார்த்தால் புளி அரித்த குழிகளும் நார் கீறிய கீறல்களும்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதேதான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முதலாளி மேல், சொந்தக்காரர்கள் மேல், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அம்மா மேலும்.

வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். அம்மா கொக்கியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் பாப்பா தெரியல? நீ இதப் படிக்கப் போறேன்னு சொன்னதிலருந்து, உனக்குப் பளிச்சுன்னு தெரியட்டும்னு இன்னும் நல்லாத்தானே தேய்க்கிறேன்.”