ஜரிகையில் கட்டிய பவளம்

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் மென்பவளம் என்ற கடலுயிரை வெட்டி, துண்டுகளைக் கல்லில் பட்டுநூலால் கட்டி வளர்ப்பேன். அந்த வித்தையை என் மனைவியின் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவனோ எங்கள் நெசவுப்பேட்டையான பிள்ளையார்பாளையம் முழுக்க, "மாமாவுக்கே நான்தான்பா கத்துக்குடுத்தேன்" என்று சொல்லித் திரிந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள், "நூல் அவுந்துக்கினே இருக்குது மாமா" என்றான்.

"ஜரிகையில கட்டுப்பா, கெட்டியா நிக்கும்" என்றேன்.

ஜரிகையில் செம்பு உண்டு. உப்புநீரில் அது கரைந்தால் பவளம் பிழைக்காது. தெரிந்துதான் சொன்னேன்.

வெளியூர் போய்த் திரும்பியபோது என் தொட்டியில் பவளமெல்லாம் சுருங்கிச் செத்துக் கிடந்தது. நடுவே ஜரிகை மின்னும் புதுக் கல் ஒன்று.

"மொதல்ல உங்களுக்குத்தான் கட்டியாந்து வச்சேன் மாமா. என் தொட்டிக்கு இனிமேதான்" என்று, தொட்டியை இன்னும் பார்க்காதவனாய், வாசலில் நின்றே சிரித்தான்.

அப்போதும், "ஜரிகை வேணாம்பா" என்று சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது.