மிஸ்டு கால் கொடுத்தது யார்

அம்மா இருந்தாள். பெற்றவள் இல்லை. எங்களை மகள்களாக எடுத்துக்கொண்ட மூத்த திருநங்கை, நகரிப் பக்கத்துத் தெலுங்குக்காரி. அக்கா இருந்தாள். பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் அவள் கை தட்டினால் தூங்குகிறவனும் சட்டைப்பையைத் தடவுவான். தங்கச்சி இருந்தாள். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, பத்தாவது வரை படித்தவள். நான் இருந்தேன். எல்லோருக்கும் சேர்த்து ஒரு செல்போன், ஆணியில் தொங்கிய சுருக்குப்பையில்.

திருத்தணியில் ஒற்றை அறை வீடு. காலையில் கடை கடையாகக் காசு கேட்கக் கிளம்பும் முன் அம்மா ஒரு பீடி பற்றவைப்பாள். ஓர் இழுப்பு இழுத்துவிட்டு நீட்டுவாள். அது கைமாறிச் சுற்றி வரும். அம்மா நீட்டியதை மகள் வேண்டாம் என்பதில்லை. எங்கள் வழக்கம் அது.

சென்னையில் எனக்கு ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. பெண்ணாவதற்கான ஆபரேஷன். வருடக்கணக்காகக் காத்திருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "பீடியை விட்டாத்தான் மயக்க மருந்து" என்றார். சுவரில் ஒரு படம். மனைவி பிள்ளைக்காகப் புகையை விடச் சொன்னது. எனக்கு எங்கே மனைவி?

அங்கேயே எங்களைப் போன்றவர்களுக்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. அங்கிருந்த தம்பி என் நம்பரை வாங்கிக்கொண்டான்.

"பீடி ஞாபகம் வந்தா ஒரு மிஸ்டு கால் குடுங்கக்கா. மெசேஜ் அனுப்பறேன்."

மறுநாள் காலை அம்மா பீடியை நீட்டினாள்.

"வேணாம்மா."

"ஏண்டி, என் எச்சி கசக்குதா?"

சுருக்குப்பையிலிருந்து போனை எடுத்தேன். மிஸ்டு கால் கொடுத்தேன். செய்தி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். தங்கச்சி உரக்கப் படித்தாள்.

"அக்கா, கடைக்குக் கெளம்பற நேரமா? கடைக்காரர் ரொம்ப நேரம் நிக்க வெப்பாரு. கை சும்மா இருந்தாத்தான் பீடி கேக்கும். பூ கட்டுங்க."

"நம்மள பாத்துகினே எழுதறான் பாருடி" என்றாள் அக்கா.

பூ கட்டினேன். கட்டிக்கொண்டே இருந்தேன்.

"தலையில எடம் இல்லடி. மலைக்கு அனுப்பு, முருகன் வெச்சுக்கட்டும்" என்றாள் அம்மா.

ஒரு நாள் அந்தத் தம்பியே கூப்பிட்டான். அந்தப் போனில் பேசினால் அறை முழுக்கக் கேட்கும்.

"என்னக்கா, நாள் பூரா மிஸ்டு கால் வந்துகினே இருக்குது. உங்களால முடியலபோல. டாக்டர்கிட்ட சொல்லி தேதியத் தள்ளி வெச்சிரலாமா?"

நான் காலையில் ஒன்று, மாலையில் ஒன்றுதான் கொடுப்பேன். திரும்பினேன்.

"யாருடி குடுத்தது?"

அக்கா கூரையைப் பார்த்தாள். தங்கச்சி நகத்தைப் பார்த்தாள்.

"ஆங், நான்தான்" என்றாள் அம்மா. "இவ படிக்கிறத கேட்டுகினு இருந்தா பீடி மறந்துபூடுது. அதுக்கு இன்னா இப்போ?"

"நானுந்தான்" என்றாள் அக்கா.

"படிக்கிறவளுக்கு மட்டும் பீடி கேக்காதா?" என்றாள் தங்கச்சி.

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நைனா, என் மக பீடியத் தொடல. நான் நீட்டுனதையே வேணாம்னுட்டா. எங்க வூட்ல அப்படி யாரும் சொன்னது கெடையாது. தேதியத் தள்ளுன, உன் ஆபீசு வாசல்ல வந்து கை தட்டுவேன்."

அவன் சிரித்தான்.

"தேதி அப்படியே இருக்கட்டும்மா. நான் ஒண்ணும் சொல்லல. பீடிய விடறவங்க மொத்தம் எத்தன பேருன்னு சொல்லுங்க. ஆளுக்கொரு மெசேஜ் அனுப்பறேன்."

அம்மா இடுப்பிலிருந்த பீடிக்கட்டை எடுத்தாள். அடுப்பில் போட்டாள். பிறகு போனில் சொன்னாள்.

"நாலு."