சட்டையில் ஒட்டிய கேமரா

போன ஞாயிற்றுக்கிழமை, குற்றாலம் மெயினருவிக்குப் பக்கத்தில் போலீஸ் பூத் முன்னால் கைகட்டி நின்றேன். எதிரே ஒரு பெண் காவலர். சுற்றி ஏழெட்டுப் பெண்கள். அத்தனை பேர் முகத்திலும் கோபம்...

பதறாதீர்கள். வீட்டில், காபி குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு கேமராவால் வந்த வினை.

எனக்குக் கொஞ்ச நாளாக வீடியோ கிறுக்கு. ரீல்ஸ், கல்யாண வீடியோ — அந்த மாதிரியெல்லாம் இல்லை. தென்காசியில் சாரல் விழும்போது பஸ் கண்ணாடியில் வழியும் தண்ணீர், டீக்கடை பாய்லரின் ஆவி, ஈரச் சுவரில் ஏறும் நத்தை... இவ்வளவுதான். யார் பார்ப்பார்கள்? நான்தான். ஹாபி என்றால் அப்படித்தானே?

"போன்லயே எடுக்கலாம்லா?" என்றாள் என் மனைவி கோமதி.

நியாயமான கேள்வி. ஆனால், நத்தை பாதிச் சுவர் ஏறும்போதுதான் 'லோன் வேணுமா சார்?' என்று யாராவது கூப்பிடுவார்கள். நனைந்த விரலுக்கு ஸ்கிரீன் மசியாது. போனில் இருக்கிற இடத்தையெல்லாம் வாட்ஸ்அப் குட்மார்னிங் ரோஜாப்பூக்கள் அடைத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. போனைத் தூக்கினாலே நம் ஜனங்கள் விறைத்துப்போகிறார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்துகிறார். வடை தின்பவர் வாயைத் துடைக்கிறார். எனக்கு வேண்டியதோ இயல்பான காட்சி!

ஆகவே, பாக்கெட்டில் அடங்குகிற ஒரு கேமரா. விலையும் அடக்கமாக இருக்க வேண்டும்.

ஒரு மாதம் யூடியூபில் ரிவ்யூ பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. கிம்பல் இல்லாத கேமராவைத் தொடவே கூடாது என்றார் ஒருவர். கை ஆடினாலும் படம் ஆடாதாம். விலையைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே கை ஆடியது. இன்னொருவர் பனிமலையில் சறுக்கிக்கொண்டே ரிவ்யூ சொன்னார். நத்தையைப் படம் பிடிக்கப் போகிறவனுக்கு அது எதற்கு?

கடைசியில் மைதீன் பாய் கடைக்குப் போனேன். கடையநல்லூர்க்காரர். துபாயில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பல வருஷம் நின்றுவிட்டு வந்து, தென்காசியில் சொந்தக் கடை போட்டிருக்கிறார். கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று, சோப்பு டப்பா அளவு. பக்கவாட்டில் கதவு மாதிரித் திறக்கிற ஸ்கிரீன். ரெக்கார்ட் ஆகும்போது முன்பக்கம் சிவப்பு லைட் எரியும். பழைய மாடல். இன்னொன்று, கட்டைவிரல் அளவு. ஸ்கிரீன் கிடையாது. ஒரே ஒரு பட்டன். காந்தம் இருப்பதால் சட்டையில் ஒட்டிக்கொள்ளலாம்.

"சின்னதை எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. செட்டிங்ஸ்ல லைட்டை ஆஃப் பண்ணிட்டா, நீங்க எடுக்குதது ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் பாய்.

ஒருத்தருக்கும் தெரியாது! அந்த வார்த்தையில் விழுந்தேன். கடையிலேயே லைட்டை ஆஃப் செய்து வாங்கி வந்தேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. சீசன் நேரம், நல்ல தண்ணீர். அருவிக்கு ஜோடியாகப் போகிறவர்களுக்குத் தெரியும் — ஒருவர் குளித்தால் ஒருவர் பை காக்க வேண்டும். முதலில் நான் குளித்து, உடை மாற்றி, சட்டைப் பாக்கெட்டில் கேமராவை ஒட்டிக்கொண்டு வந்தேன். கோமதி தன் ஹேண்ட்பேக், போன், மூக்குக்கண்ணாடி, காய்ந்த துண்டு எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள். துண்டைத் தோளில் போட்டேன். பையை மாட்டினேன். பெண்கள் குளித்துவிட்டு வருகிற வழிக்கு எதிரே சுவரோரமாக நின்றேன். அங்கே நின்றால்தானே அவள் வருவது தெரியும்? பக்கத்தில் ஓர் இலத்தூர்க்காரர், அவரும் என்னைப் போலவே பையும் கையுமாக நின்றார். பேச ஆரம்பித்தோம்.

முகத்தில் சாரல் அடித்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தேன்.

"ஏங்க... சட்டையில என்னது அது?"

குளித்துவிட்டு வந்த ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அவர் விரல் நேராக என் பாக்கெட்டை நோக்கி நீண்டது. சட்டென்று அதைப் பிடுங்கிக் கையில் எடுத்தேன்.

"கேமராம்மா. சும்மா, ஹாபிக்கு..."

"பொம்பளைங்க குளிச்சிட்டு வார எடத்துல சட்டையில கேமராவ ஒட்டிக்கிட்டு நிக்கிய. கேட்டா ஹாபிங்கிய?"

கூட்டம் கூடிவிட்டது. "ஆஃப்ல இருக்கும்மா. சத்தியமா ஆஃப்" என்றேன். சாட்சிக்கு இலத்தூர்க்காரரைத் திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணோம்!

பூத்தில் இருந்த பெண் காவலருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தவே இல்லை. "எடுத்ததைக் காட்டுங்க சார்" என்றார்.

எதில் காட்டுவது? அதில்தான் ஸ்கிரீன் கிடையாதே! போனில் ஆப்பைத் திறந்து இணைக்க வேண்டும். இணைத்தேன். வட்டம் சுற்றியது... சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷமாகப் பத்திரிகையில் வாராவாரம் எழுதிச் சம்பாதித்த பேர் அந்த வட்டத்துக்குள் சுற்றுவதாகத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கோமதி வந்து சேர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"என்னங்க, ஆன்ல இருந்துச்சா?"

"இல்லவே இல்லை."

வட்டம் நின்றது. பட்டியலின் முதல் வரியில் அன்றைய தேதி. பக்கத்தில், இருபத்தோரு நிமிஷம்.

ஆனில்தான் இருந்திருக்கிறது!

பையை மாட்டும்போது அதன் வார் பட்டனை அழுத்திவிட்டது போலும். லைட் எரிந்திருந்தால் எனக்காவது தெரிந்திருக்கும். அதை அணைத்து வைத்த புத்திசாலியும் நான்தான். கோமதி என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. அதுதான் பயமே.

காவலர் பிளே செய்தார்.

இருட்டு. முழு இருட்டு. தோளில் தொங்கிய துண்டு கேமராவை மூடியிருக்கிறது! ஆனால், சத்தம் மட்டும் கணீரென்று வந்தது. என் குரல்தான்.

"எங்க வீட்டம்மா குளிக்கப் போனான்னா அருவிக்கே களைப்பு வந்துரும் அண்ணாச்சி. தண்ணி நின்னாத்தான் வெளிய வருவா..."

"எங்க வீட்டுலயும் அதே கததான்" என்றது இலத்தூர்க்காரர் குரல்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை.

"முழுசும் பாக்கணும் சார்" என்றார் காவலர். பார்த்தோம். இருபத்தோரு நிமிஷமும். மனைவியைப் பற்றி என்னிடம் இவ்வளவு சரக்கு இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். கடைசி நாலு நொடியில் மட்டும் துண்டு விலகி வெளிச்சம் வந்தது. விரலை நீட்டியபடி அந்தப் பெண்ணின் முகம். நான் பிடுங்கியபோது பட்டன் மறுபடி அமுங்கி, அதோடு நின்றிருக்கிறது. அவர் கண் முன்னாலேயே அழித்தேன். காவலர் விடவில்லை. கார்டில் மிச்சம் இருந்ததையும் பார்த்தார். பஸ் கண்ணாடி. பாய்லர் ஆவி. நத்தை.

"இதுல என்ன சார் இருக்கு?" என்று உண்மையாகவே கேட்டார்.

"தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி" என்றார் அந்தப் பெண். இப்போது குரல் இறங்கியிருந்தது. "எங்களுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க?"

தப்பாக நினைப்பதா? எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என் நல்ல குணம் இல்லை. ஒரு காய்ந்த துண்டு. அதை மட்டும் இடது தோளில் போடாமல் வலது தோளில் போட்டிருந்தால்? அந்த வழியாக ஈரத்தோடு வந்த அத்தனை பெண்களும், அவர்களுக்கே தெரியாமல் என் பாக்கெட்டில் இருந்திருப்பார்கள். நான் யோக்கியன் என்பதால் அது சரியாகிவிடுமா? மன்னிப்புக் கேட்டேன். மனதாரக் கேட்டேன்.

பஸ்ஸில் கோமதி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தென்காசியில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "அந்தப் பொம்பள கேக்கலைன்னா நானே கேட்டிருப்பேன்."

திங்கட்கிழமை காலை பாய் கடையைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன்.

"பாய், இதை வச்சுக்கிட்டு அந்தப் பெருசைக் குடுங்க."

"அது பழைய மாடலுல்லா அண்ணாச்சி? எல்லாரும் சின்னதுலயும் சின்னதாக் கேக்காவ, நீங்க என்னன்னா..."

"அதுல அந்தச் சிவப்பு லைட்டை அணைக்க முடியுமா?"

"முடியாது. அதனாலதான் ஒருத்தரும் வாங்க மாட்டேங்காவ."

"அப்ப எனக்கு அதான் வேணும்."

நடந்ததைச் சொன்னேன். சின்னதை வாங்கி உள்ளே வைத்தபடி பாய், "இனிமே யாருக்கும் லைட்டை ஆஃப் பண்ணிக் குடுக்க மாட்டேன்" என்றார்.

ஒன்று கவனித்தீர்களா? கேமரா வாங்கும்போது ரெசல்யூஷன் பார்க்கிறோம், பேட்டரி பார்க்கிறோம், எடை பார்க்கிறோம். எல்லாமே கேமராவுக்குப் பின்னால் நிற்கிற நம் வசதிக்கு. முன்னால் நிற்பவருக்கும் ஒரு வசதி வேண்டாமா? எந்த ரிவ்யூவிலும் அதற்கு மார்க் போட்டு நான் பார்க்கவில்லை.

புதன்கிழமை, ஐந்தருவி ரோட்டில் ஒரு பழக்கடை. மங்குஸ்தானைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தார் ஓர் அக்கா. நல்ல வெளிச்சம். ஸ்கிரீனைத் திறந்தேன். சிவப்பு லைட் எரிந்ததுதான் தாமதம், நிமிர்ந்து கையை ஆட்டினார்.

"வேண்டாம் அண்ணாச்சி! இன்னைக்குத் தலையே சீவல. நாளைக்கு வாங்க."

உடனே மூடிவிட்டேன். கொஞ்சம் ஏமாற்றம்தான்... ஆனாலும், மனசு லேசாக இருந்தது.

மறுநாள் போனேன். எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை. நிறைய மல்லிகைப்பூ. என்னைக் கண்டதும் இரண்டு கையிலும் மங்குஸ்தானை ஏந்திக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றார்!

அவருக்குத் தெரியாமல் எடுத்திருந்தால் அந்தப் பூ கிடைத்திருக்குமா?