தலைமயிர் வெட்டப் போன இடத்தில்

கொழும்பில் நான் வேலை பார்த்த டயர் கம்பனி, தரப் பரிசோதனை பழகிக்கொண்டு வா என்று ஒரு வருடத்துக்கு என்னைச் சென்னைக்குப் பக்கத்திலுள்ள ஒரகடத்துக்கு அனுப்பியிருந்தது. கணவர் அங்கே, நான் இங்கே. லைனில் நிற்கும் நேரமெல்லாம் வலைத்தொப்பி போட வேண்டும். சில மாதங்களில் முடி அந்தத் தொப்பிக்குள் அடங்க மறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டேன்.

முதலில் பிழையான இடத்துக்குத்தான் போனேன். சலூன் எங்கே என்று நான் குடியிருந்த கட்டடத்தின் காவலாளியிடம் கேட்க, அவர் காட்டிய கடையில் ஆண்கள் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் சலூன்தான்.

"லேடீஸுக்கு பார்லர்க்கா. மேல கீது," என்றார் கத்தரியோடு நின்றவர்.

மாடியில் ஒரு சின்ன அறை. நடத்துகிறவர் நடுத்தர வயது உள்ளூர்க்காரி. பெஞ்சில் இருபது வயதிருக்கும் ஒரு பெண், முகத்தில் பூசிய பச்சைக் களிம்பு காய்வதற்காகத் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலை அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"இன்னா பண்ணணும்க்கா?"

"எனக்குத் தலைமயிர் வெட்ட வேணும். நுனி மட்டும். வடிவா வெட்டிவிடுங்கோ."

துணியை உதறிக்கொண்டிருந்த கை நின்றது. பெஞ்சுப் பெண்ணின் களிம்பு வாயோரத்தில் வெடித்தது.

"இன்னாக்கா, வந்ததும் வராததுமா இப்டி பேசுறீங்க?" குரலில் கோபத்தைவிட மனவருத்தம்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவுங்க திட்டலக்கா," என்றாள் அந்தப் பெண், உதடு அசையாமல். "சிலோன்காரங்க. அங்க முடிய அப்டித்தான் சொல்வாங்க. வடிவான்னா அழகா." பிறகு என்னிடம், "இங்க அது கெட்ட வார்த்தைக்கா."

"அதில என்ன கெட்டது?"

அவள் வாயோரத்தில் வெடித்த களிம்பை விரலால் ஒட்டிவிட்டாள். "தெரியல. ஆனா எங்க சூப்பர்வைசர் திட்டணும்னா அதத்தான் சொல்வாரு."

பள்ளிக்கூடக் கட்டுரையில் நான் எழுதிய சொல் அது. ஆசிரியர் சிவப்பு மையால் தொட்டதேயில்லை. கடல் தாண்டிய ஒரு மணிநேரப் பறப்பில் அதற்கு என்னதான் நடந்திருக்கும்?

நாற்காலியில் உட்கார்ந்ததும் பார்லர்க்கார அக்கா என் பின்னலை அவிழ்த்தபடி, "தலைக்குக் குளிச்சிட்டு வந்தீங்களா?" என்றார்.

"இல்லை, இன்னும் முழுகேல்ல."

கைகள் மறுபடியும் நின்றன. "முழுகாம கீறீங்களா? சொல்லவே இல்லியே. எத்தினி மாசம்?" நான் வாய் திறப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிவிட்டார். பெஞ்சிலிருந்து வாழ்த்துகூட வந்துவிட்டது.

ஒரு கணம் திகைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. பிள்ளைத்தாச்சியைப் பற்றி முழுகாமல் இருக்கிறாள் என்று எங்களூரிலும் சொல்வார்கள். சலூனில், தலைமயிரில் எல்லாம் பிரிந்து நின்ற நாங்கள், போயும் போயும் இதில் ஒன்றாயிருந்தோம். தலைக்குக் குளிப்பதைத்தான் சொன்னேன் என்று விளக்கிய பிறகும், தலையணையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அவரே என் தலையைக் கழுவிவிட்டார்.

வெட்டத் தொடங்கியதும் அவருக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. "தல வாரிக்கிறத இன்னான்னு சொல்வீங்க?"

"தலை இழுக்கிறது."

"இழுத்தா வலிக்காதா?"

"மெல்லமாத்தான் இழுப்பம்."

களிம்பைக் கழுவிக்கொண்டு வந்த பெண் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என் பேச்சு எப்படி விளங்குகிறது என்று கேட்டேன்.

"எங்க ஊரு தூத்துக்குடிப் பக்கம், கடக்கரை. எங்கப்பா வலை பின்னும்போது உங்க ஊரு ரேடியோதான் வச்சிருப்பாரு. அதுல உங்கள மாதிரித்தான் பேசுவாங்க." சொல்லச் சொல்ல அவள் பேச்சே மாறியது. "நாங்க பேசுததக் கேட்டு ஹாஸ்டல்ல சிரிக்காங்க. அதான் இவுங்க மாதிரியே பேசப் பழகிட்டேன்."

"இவ்ளோ நாளா வர்றே, இப்டி பேசி நான் கேட்டதே இல்லியேம்மா," என்றார் அக்கா. கத்தரியைப் பிடித்தபடியே அவளை ஒருமுறை புதிதாகப் பார்த்தார்.

நுனி மட்டும் என்று நான் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டார். ஆனால் நேர்த்தியாக இருந்தது. கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்தே படியிறங்கினோம். ஷேர் ஆட்டோ நிற்கும் இடம்வரை அவள் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். கொழும்பில் பஸ் என்ன நிறம், பெண்பிள்ளைகள் தனியாக அறை எடுத்துத் தங்கலாமா என்றெல்லாம்.

"நைட் ஷிப்டுக்குப் பொம்பளப் பிள்ளைங்க போவாங்களா?"

"போவினம்."

"போவினம்," என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்ததா என்று என் முகத்தைப் பார்த்தாள். வந்தது என்றேன். ஆட்டோ வந்ததும் எனக்கும் இடம் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தாள்.