இரும்புக் குண்டும் கட்டூசியும்

ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக் குடியிருப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் உடற்பயிற்சி நிலையம் இருக்கிறது. இத்தனை வருடமாக அதைக் கடந்து பேருந்துக்கு ஓடியிருக்கிறேனே தவிர, உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. வலது தோள் இறுகி, கை காதுக்கு மேல் எழ மறுத்த பிறகுதான் போனேன். என்னால் கொண்டை முடிய முடியவில்லை. கணவர் கொண்டை போட்டுவிடுவார், அது பேருந்து வருவதற்குள் அவிழ்ந்துவிடும். இனி என் தலைமுடியை என் கையால் முடியவே மாட்டேனோ என்று உண்மையாகவே பயந்தேன்.

தோள் சற்று இளகியதும், பாரம் குறைந்த கெட்டில்பெல்லில் தொடங்கச் சொன்னார் இயன்மருத்துவர். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு அது. படத்தைப் பார்த்துவிட்டுக் கணவர், "நல்ல தேத்தண்ணிக் கேத்தல்தான், மூக்கு வைக்க மறந்திட்டாங்கள்" என்றார்.

முதல் நாள் முழங்கால்வரை தொங்கும் பஞ்சாபிச் சட்டையோடு போனேன். கால்களுக்கிடையில் ஆட்டிய குண்டு சட்டை நுனியையும் கூட்டிக்கொண்டு வந்தது. பயிற்சி தந்த இளம் நோர்வேப் பெண் சிரிக்கவில்லை. உடம்போடு ஒட்டிய காற்சட்டையும் பெனியனும் வாங்கச் சொன்னாள். கடைக் கண்ணாடியில் அந்தக் கோலத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. கூடவே, தடித்த அடி வைத்த விலையான சப்பாத்தும் வாங்கினேன். அதைக் கழற்று என்றாள், பாதம் நிலத்தை உணர வேண்டுமாம். வெறுங்காலோடு நிற்க எனக்கா சொல்லித்தர வேண்டும்? கையுறையும் வேண்டாம் என்றாள். காப்புகளைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றினேன். மிஞ்சியது தாலிக்கொடி.

குனிந்து நிமிரும்போதெல்லாம் கொடி வெளியே விழுந்து இரும்பில் மோதியது. ஒருமுறை என் பல்லிலும் பட்டது. கழற்றி வைக்கச் சொன்னாள். இது கழற்றுகிறதில்லை என்றேன். அப்படியானால் குண்டு தரமாட்டேன் என்றாள். பிடிவாதத்தில் அவளும் எனக்குச் சளைத்தவள் இல்லை.

வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கணவர் விஷயத்தைக் கேட்டார், எழுந்து போனார், சட்டையில் குத்திப் பூட்டும் ஒரு கட்டூசியோடு வந்தார்.

"பாட்ஸ்பியோர்ட்டிலை செய்த மாதிரிச் செய்வம். திரும்பும்."

நோர்வேயின் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட்டில் இருந்தபோது எங்களுக்குக் கலியாணமான புதிது. இருவருக்கும் மீன் தொழிற்சாலையில் வேலை. குளிர்காலத்தில் சூரியனே தலைகாட்டாத ஊர். காலையில் உடுப்பதே பெரிய வேலையாக இருக்கும். கம்பளி உள்சட்டை, அதன்மேல் இன்னொன்று, வெள்ளை மேலங்கி, ரப்பர் ஏப்ரன், தலைக்கு வலை. நகை எதுவும் வெளியே தொங்கக்கூடாது. அதனால் அவர் என் கொடியை முதுகுப் பக்கம் திருப்பி, உள்சட்டையோடு சேர்த்து ஊசி குத்திவிடுவார். அவருடைய விரல்கள் ஐஸ்கட்டிதான். நான் நெளிவேன். "அசையாதையும், குத்திப்போடும்" என்பார். பிறகு பகல் முழுவதும் இயந்திர இரைச்சலில் எதிரெதிரே நின்று மீன் வெட்டுவோம், ஒரு வார்த்தை கதைக்க முடியாது. முதுகில் அந்த ஊசி இருப்பதே எனக்குப் போதுமாயிருந்தது. அந்தக் குளிரை நான் திட்டாத நாளில்லை. இன்று அந்தக் காலைகளுக்காக மனம் ஏங்குகிறது. ஒஸ்லோவுக்கு வந்தபின் அவருக்கு ஒரு நேரம் வேலை, எனக்கு வேறொரு நேரம். நடுவில் பிள்ளைகள். ஊசி எங்கே போனதென்று இருவரும் தேடவில்லை.

இப்போது வகுப்பு நாட்களில் மறுபடி முதுகைக் காட்டி நின்றேன். பயிற்சி தருபவள் பெனியனை இழுத்துப் பார்த்தாள், கொடி அசையவில்லை, குண்டைத் தந்தாள்.

பனி கரைந்த ஒரு வகுப்பு நாள் காலை, கண்ணாடி முன் நின்றபோது கை தானாகவே மேலே போனது. வலிக்கவில்லை. கொண்டையை முடிந்தேன். ஆசை விடவில்லை, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொடியைத் திருப்பி ஊசியும் குத்தினேன். கண் கலங்கிவிட்டது. அவரிடம் காட்ட ஓடினேன்.

அவர் நடையில் நின்றார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் இன்னொரு கட்டூசியைத் திறந்து வைத்தபடி எனக்காகக் காத்திருந்தார்.

அவர் பார்க்குமுன் அறைக்குள் திரும்பினேன். குத்திய ஊசியைக் கழற்றிவிட்டு வந்து முதுகைக் காட்டினேன்.

"கொண்டை இண்டைக்கு வடிவா நிக்குது" என்றார்.

"ஓம், நானே முடிஞ்சனான்."

"அப்ப, ஊசி?"

"அதுக்கு இன்னும் கை எட்டேல்லை" என்றேன்.