ஒருவர் இறங்க வேண்டும்

நான் ஆட்டக் கோட்பாடு கற்பிக்கும் கணிதப் பேராசிரியர். ஒருவர் விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் காரியம் ஆகும் என்ற நிலையில், யார் விட்டுக்கொடுப்பார் என்று கணிப்பதே என் ஆய்வு. பதவி உயர்வும் அதனால்தான் கிடைத்தது.

போன ஆண்டு குறிகட்டுவான் இறங்குதுறையில், நெடுந்தீவுக்குப் போகும் கடைசிப் படகில் ஆள் கூடிவிட்டது.

"ஒராள் இறங்கினால்தான் வெளிக்கிடலாம்," என்றார் படகோட்டி.

நான் சும்மா தீவு பார்க்கப் போனவன். ஆனாலும், கொஞ்சம் பொறுத்தால் வேறு யாராவது இறங்குவார்கள் என்று கணக்குப் போட்டு, குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில், ஆஸ்பத்திரியில் மருந்து எழுதிக் கொடுத்த கொப்பியோடு இருந்த பெண் எழுந்தார். ஊசி போட்ட கையில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

"நீங்கள் இருங்கோ தம்பி, தூரத்தாலை வந்தனீங்கள். நான் இஞ்சை தங்கி நாளைக்குப் போறன்."

"ஓம் அக்கா," என்றேன்.

என் கணிப்பு பிசகாமல் பலித்தது. வகுப்பில் எத்தனையோ உதாரணங்கள் சொல்கிறேன்; இதை மட்டும் சொன்னதில்லை.