மணல் சாத்துவும் நாலாவது ஓட்டையும்

சாத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. பன்னிரண்டு வருடமாக ஊரில் அவர் பெயர் மணல் சாத்து. பெயர் வைத்தவன் பால் சங்கத் தலைவன் தாமோதரன். சங்கக் கட்டடத்தை சாத்து கட்டி முடித்த கையோடு பன்னிரண்டு மூட்டை சிமெண்டைக் காணவில்லை. "சாத்து வித்துத் தின்னுட்டான். சுவத்துல வெறும் மணல்தான்" என்று தாமோதரன் கள்ளுக்கடை வரைக்கும் சொல்லித் திரிந்தான். அதே மழைக்காலத்தில் அவன் வீட்டு மாட்டுத்தொழுவத்துக்குப் புதுச்சுவர் எழும்பியதை ஊரே பார்த்தது. பார்த்து என்ன செய்ய? சங்கத்துக்குப் பால் ஊற்ற வேண்டுமே, வாயை மூடிக்கொண்டது.

அதன்பின் கண்ணூர்ப் பக்கம் ஒருவரும் சாத்துவைக் கொத்து வேலைக்குக் கூப்பிடவில்லை. வாரம் முழுக்கக் குடகில் காப்பி மூட்டை சுமந்தார். கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் தின்னும்போதுகூட அந்தப் பெயர் தொண்டையில் முள்ளாக நின்றது. மறந்துவிடலாம் என்று ஒருநாளும் அவர் நினைத்ததில்லை. ஏன் மறக்க வேண்டும்?

இந்தக் கோடையில் சங்கத்தின் திறப்பு விழாக் கல்வெட்டு மூன்றாம் முறையாகக் கீழே விழுந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே, மணல் சுவரு!" என்றான் தாமோதரன். ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. வங்காளத்துக் கொத்தனார்கள் பெருநாளுக்கு ஊர் போயிருந்தார்கள். சாத்து தானாகவே போய் நின்றார்.

"நான் மாட்டித் தர்றேன். ஆனா காலையில பால் அளக்குற நேரத்துலதான். எல்லாரும் இருக்கணும்."

வேறு வழியில்லாமல் தாமோதரன் தலையாட்டினான்.

மறுநாள் முப்பது பேர் பால் பாத்திரத்தோடு நிற்க, சாத்து சுவரிலிருந்த பழைய ஓட்டைகளில் கையை வைத்தார். நாலு ஓட்டை. ஆணி பிடிக்க உள்ளே அடித்திருந்த மரக்கட்டைகள் விரலால் இழுத்ததுமே கையோடு வந்தன. அவற்றை உயர்த்திப் பிடித்தார்.

"காயாத பச்சை ரப்பர் மரக்கட்டை! வெயில் பட்டா சுருங்காதா? யாரு அடிச்சது?"

"தலைவரோட மச்சினன்தான், ஏட்டா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் பால் அளக்கும் ரோஹிணி.

கூட்டம் சிரித்தது. சாத்து சிரிக்கவில்லை. உளியால் ஓட்டைகளைச் சுரண்டி, குழாயால் தூசியை ஊதி வெளியேற்றினார். கீழே விரித்த தாளில் சிமெண்டின் சாம்பல் நிறப் பொடி விழுந்தது. நாலாவது ஓட்டையில் உளியின் முனையே மழுங்கியது.

"தாமோதரா, இங்க வா. விரலை விடு. நகத்தால சுரண்டு. மணல் கொட்டுதா, சொல்லு."

"எனக்கு வேலை கிடக்கு."

"பன்னிரண்டு வருஷமா பேசின வாய்தானே. ஒரு விரலைக் குடு."

முப்பது பேரின் கண்ணும் தன்மேல் இருந்ததால் தாமோதரன் விரலை விட்டான். சுரண்டினான். நகம் ஒடிந்ததுதான் மிச்சம். ஒரு மணல் துகள்கூட உதிரவில்லை.

"என்ன தலைவரே, மணல் கிடைச்சுதா?" என்றாள் ரோஹிணி.

சாத்துவின் நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் போதவில்லை. மூன்று ஓட்டைகளை நனைத்து, சிமெண்டுக் கலவையைக் குச்சியால் குத்திக் குத்தி இறுக்கி அடைத்தார். பூச்சுக்கு உள்ளே எந்த வெட்டுக்கல் எங்கே இருக்கிறது என்று கட்டியவருக்குத் தெரியாதா? ஒரு சாண் கீழே, முழுக்கல்லின் நடுவில் புதிதாகத் துளைத்துக் கல்வெட்டை மாட்டினார். நாலாவது ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. அது கல்வெட்டில் பொறித்திருந்த தாமோதரனின் பெயருக்கு நேர் மேலே வாயைத் திறந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் முதல் பால் ஊற்ற வந்தவர்களெல்லாம் அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை இறக்கினார்கள். சனிக்கிழமை தாமோதரன் சாத்துவின் வாசலில் வந்து நின்றான்.

"சாத்துவேட்டா, நாளைக்கு விழா. அந்த ஒரு ஓட்டையை அடைச்சிடுங்களேன்."

ஏட்டன் என்று அவன் வாயில் வந்தது அன்றுதான். சாத்து அவனை உட்காரச் சொல்லவில்லை.

"அடைக்கலாம். சிமெண்டு வேணுமே. உன் தொழுவத்துச் சுவத்துல பன்னிரண்டு மூட்டை கிடக்கு. எல்லாரும் பார்க்க இடிச்சு எடுத்துட்டு வா."